எண்ணூர் கழிமுகத்தருகே வீடு கட்டுகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வடசென்னையில் எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டப் போகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கழிமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அப்பாவின் ஓய்வூதியப் பணத்தையும் என் வங்கிக் கடனையும் சேர்த்து வீடு கட்டினோம். பொருளும் ஆளும் ஒப்பந்தக்காரருடையவை. சதுர அடிக் கணக்கில் பேசி எழுதிய ஒப்பந்தம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால், கட்டுமானத்துக்கு லாரியில் வரும் நல்ல தண்ணீர் மட்டுமே என்று அதில் தெளிவாக எழுதச் சொன்னோம். எழுதினார். ஒவ்வொரு தவணையிலும் லாரித் தண்ணீருக்கென்று தனியாகப் பணமும் வாங்கினார்.

குடிபுகுந்து இரண்டாவது மழைக்காலம் வருவதற்குள் சமையலறைக் கூரையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கம்பி ஓடும் வழியிலேயே நேராக ஓடியது. சாவியால் தட்டினால் உள்ளே பொள்ளலான சத்தம். ஒரு நாள் காலையில் அம்மா அடுப்பருகே நிற்கும்போதே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து மேடையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. துரு ஏடு ஏடாகக் கிளம்பி, விரல் பட்டாலே உதிர்ந்தது. கம்பிக்குக் கீழே காங்கிரீட் நகக்கனம்கூட இல்லை. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல், சென்ட்ரிங் பலகைமேல் கம்பியைக் கிடத்திக் கலவையைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரர் ஆளனுப்பி, மேலே சிமெண்டைப் பூசி வண்ணம் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் கோடு இன்னும் நீண்டு வந்தது. மறுபடி கூப்பிட்டால், "முகத்துவாரத்துப் பக்கம் கட்டினால் இப்படித்தான் சார், உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாம்பல் கழிவையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்து வந்த எண்ணெயையும் சுமந்த அந்தக் கழிமுகத்தின் தலையில் இவருடைய திருட்டையும் கட்டுவதா?

உண்மையைச் சொன்னவர் எங்கள் வீட்டில் வேலை பார்த்த மேஸ்திரி. அடித்தளம் போட்ட அன்று மட்டும்தான் லாரி வந்ததாம். மற்றபடி தூண், தளம், பூச்சு, காங்கிரீட் இறுக நீர் விட்டு நனைப்பது எல்லாமே மனையில் போட்ட போர் தண்ணீரில். அந்தத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். கம்பி வைத்த காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு என்னும் உப்புக்கூறு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000. எங்கள் போர் தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

காற்றில் வரும் உப்பு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். கலவையிலேயே சேர்ந்த உப்போ முதல் நாளிலிருந்தே கம்பியோடு இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடித்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பெயர்ந்த இடத்தைக் கொத்தி, கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூசி ஒட்டலாம். ஆனால் மற்ற இடத்தில் கலந்த உப்பை எடுக்க வழியில்லை என்று எங்களுக்காக வந்து பார்த்த பொறியாளர் சொல்லிவிட்டார். புது வீடு!

நீங்கள் கட்டும்போது தண்ணீர்ச் சோதனை அறிக்கை கையில் வராமல் கலவை போட விடாதீர்கள். லாரி வந்ததற்கு ரசீது கேளுங்கள், தளம் போடும் நாளில் குழாய் எங்கிருந்து வருகிறது என்று வீட்டு ஆள் ஒருவர் நின்று பார்க்கட்டும். அதே தரவிதி கடற்கரைச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் காங்கிரீட்டுக்கு எம் 30 கலவையும் (எம் எண் கூடினால் வலிமை கூடும்) கம்பியைச் சுற்றி 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடலும் கேட்கிறது. உப்புக்காற்று நேராகப் படாத உட்பகுதிக்கே எம் 25, 30 மில்லிமீட்டர். வழக்கமான எம் 20 என்று எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கலவை கொட்டுவதற்கு முன் கவர் பிளாக்குகளைப் படம் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஒப்பந்தம், ரசீது, படங்களோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் சட்டப்படி சேவைதான். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், பூச்சு வேலை செய்து தருகிறேன் என்று இழுத்தடிக்க இடம் கொடுக்காதீர்கள். நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். வழக்கு முடியும்வரை ஒப்பந்தக்காரர் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒப்பந்தக்காரர் இப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்கு வானம் தோண்டிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டம்மாவிடம் எங்கள் தண்ணீர் அறிக்கையின் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.