மஹாலே காட்டுக்குச் செல்வோர் கவனத்துக்கு: பூங்காக் கட்டணத்தை முகவரிடம் கொடுத்து ஏமாந்தோம்

தான்சானியாவின் மேற்கு எல்லையில், தங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள மஹாலே மலைத் தேசியப் பூங்காவுக்குச் சிம்பன்சிகளைப் பார்க்கப் போக எண்ணுபவர்கள், முகவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த மார்ச் மாதம் நானும் என் மனைவியும் கிகோமா நகரத்து முகவர் ஒருவரிடம் இரண்டு இரவுப் பயணத்துக்கென 1,900 டாலரை முழுவதுமாக முன்கூட்டியே கட்டினோம். விரைவுப் படகு, பூங்காக் கட்டணம், சாப்பாட்டுடன் கூடிய கூடார விடுதி, இரண்டு முறை காட்டுக்குள் நடை ஆகிய அனைத்தும் அத்தொகையில் அடங்கும் என்று அவர் எழுதித் தந்திருந்தார்.

கிகோமாவுக்கு அருகிலேயே, ஜேன் குடால் 1960இல் சிம்பன்சிகள் பற்றிய ஆய்வைத் தொடங்கிய கோம்பே பூங்கா இருக்கிறது; நாங்கள் முதலில் கேட்டதும் அதைத்தான். மஹாலேயில்தான் கூட்டம் இருக்காது என்று முகவர் சொன்னது உண்மையே. 1,613 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்குள் வாகனச் சாலை கிடையாது. ஏரி வழியாகவோ சிறு விமானத்திலோ போய்ச் சேர்ந்து, பிறகு நடந்துதான் பார்க்க வேண்டும். வழியில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் வேறு படகையோ கடையையோ தேடிக்கொள்ள முடியாது என்பதை இத்தகைய முகவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் நான்கு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம் என்றார். ஒன்பதரை மணிக்கு வந்ததோ மீன்பிடிக்கப் பயன்படும் மரப்படகு. அதன் பின்புறத்தில் ஒரு சிறிய எந்திரம் பொருத்தப்பட்டிருந்தது, மேலே கூரையாக ஒரு நீலத் தார்ப்பாய். நண்பகலுக்குப் பின் ஏரியில் அலை எழுந்தது, இரண்டு முறை எந்திரம் நின்றது. பிலெங்கேயில் உள்ள பூங்காத் தலைமையகத்தை அடைந்தபோது இரவு எட்டு மணி.

அங்கே காவலர் கேட்ட முதல் கேள்வி, கட்டண ரசீது எங்கே என்பது. எங்களிடம் இருந்தது முகவர் தன் கடைத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்த ஒரு சீட்டு மட்டுமே. தான்சானியப் பூங்காக்களில் கட்டணம் ரொக்கமாக வாங்கப்படுவதில்லை; அரசு வழங்கும் ஒரு கட்டுப்பாட்டு எண்ணைக் கொண்டு வங்கி, கைப்பேசி அல்லது அட்டை வழியாகச் செலுத்த வேண்டும். எங்கள் பெயரில் அப்படி எந்த எண்ணும் உருவாக்கப்படவே இல்லை. நாங்கள் போன சமயத்தில் வெளிநாட்டவர் ஒருவருக்கு 24 மணி நேரக் கட்டணம் 80 டாலர், அதன் மேல் 18 விழுக்காடு வரி. மூன்றாம் நாள் விடியலில்தான் கிளம்ப முடியும் என்பதால் இருவருக்கும் இரண்டு நாள் கணக்கிட்டு, மொத்தம் 377 டாலர் 60 சென்ட்டை எங்கள் அட்டையிலிருந்தே மறுபடி கட்டினோம். ஊழியர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை.

விடுதி என்று சொல்லப்பட்டது பூங்காவுக்குச் சொந்தமான குடில். குடில் சுத்தமாக இருந்தது. ஆனால் அங்கே தங்குபவர்கள் உணவுப் பொருளைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு பிஸ்கட் பொட்டலங்களோடு விழித்துக்கொண்டிருந்த எங்களுக்குப் படகோட்டிதான் தன் உகாலி என்னும் மக்காச்சோள மாவுக் களியிலும் டகா என்னும் வறுத்த சிறு மீனிலும் பங்கு கொடுத்தார். அவருக்கும் முகவர் பாதிக் கூலிதான் கொடுத்திருந்தாராம்.

மறுநாள் வழுக்கும் சரிவில் நான்கரை மணி நேரம் ஏறிய பிறகே சிம்பன்சிகளைக் கண்டோம். மழைக்காலத்தில் அவை மேட்டுக்கு ஏறிவிடக்கூடும், ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் கீழேயே எளிதாகப் பார்க்கலாம் என்று வழிகாட்டி விளக்கினார். எல்லா மாதமும் ஒன்றுதான் என்று முகவர் சொல்லியிருந்தார். கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1965 முதல் அங்கே பணியாற்றியதால் மனிதரைக் கண்டு ஓடாத ஒரு கூட்டம் அது. இரண்டு ஆண் சிம்பன்சிகள் எதிரெதிரே அமர்ந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மறு கையால் பேன் பார்த்தன. அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை போகலாம். ஆனால் கிடைத்தது விதிப்படி ஒரு மணி நேரம்தான். மூன்றாம் நாள் விடியலிலேயே திரும்பிவிட வேண்டும் என்று படகோட்டிக்கு உத்தரவிடப்பட்டிருந்ததால் இரண்டாவது நடை நடக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டிக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அருகில் போய்ப் படம் எடுக்கலாம் என்று முகவர் ஆசை காட்டியிருந்தார். 2006இல் மனிதரோடு தொடர்புடைய சுவாச நோய்க்கிருமி பரவி மஹாலேயில் சிம்பன்சிகள் இறந்திருக்கின்றன. இந்தப் பேச்சைக் கேட்டபோதே அவரை விட்டு விலகியிருக்க வேண்டும்; அது எங்கள் தவறு.

பணம் அனுப்புவதற்கு முன், சுற்றுலா முகவர்களுக்கு அரசு தரும் டாலா உரிமத்தைக் கேளுங்கள். எங்களுக்குக் காட்டப்பட்டது சாதாரண வணிக உரிமத்தின் படம். கட்டுப்பாட்டு எண்ணை உங்கள் பெயரில் வாங்கித் தரச் சொல்லி, கட்டணத்தை நீங்களே நேரடியாகச் செலுத்துங்கள். படகின் வகை, எந்திரத்தின் திறன், உயிர்காப்பு உடைகளின் எண்ணிக்கை, உணவுக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். படகைப் பூங்கா நிர்வாகத்திடமே வாடகைக்குக் கேட்கலாம் என்பது எங்களுக்குத் திரும்பும் வேளையில்தான் தெரிய வந்தது.

கிகோமா திரும்பியதும் ரசீதைக் காட்டி 377 டாலரை மட்டுமாவது திருப்பித் தரக் கேட்டோம். மாலைக்குள் தருவதாகச் சொன்னவர், மாலைக்குள் எங்கள் கைப்பேசி எண்ணைத் தடை செய்துவிட்டார்.