மலப் பரிசோதனைக் கிட்: குடிப்பவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இது எதைத் தேடுகிறது என்று தெரிந்து வாங்குங்கள். இந்த 'ஃபிட்' (FIT) கிட் தேடுவது பெருங்குடல் புற்றுநோயை அல்ல, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை. அதனால் முந்தைய நாள் கறி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை.

மலம் கழிவறைத் தண்ணீரில் விழக்கூடாது; காகிதம் விரித்துப் பிடியுங்கள். குச்சியின் நுனியிலுள்ள வரிப்பள்ளங்கள் நிரம்பும் அளவுக்கு நாலைந்து இடங்களில் சுரண்டினால் போதும். அள்ளித் திணித்தால் அளவு கெட்டுப்போகும். குப்பியை 'க்ளிக்' என மூடி, குலுக்கி, தேதி எழுதி உடனே அனுப்புங்கள். வெயிலில் கிடந்தால் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் 'இல்லை' என்றே வரும். மூலம் கசியும்போதும் மாதவிடாயின்போதும் எடுக்காதீர்கள்.

பெரிய குறை, ரத்தம் கசியாத பாலிப்களை (புற்றுநோயாக மாறக்கூடிய குடல் கட்டிகளை) இது தவறவிடும். குடிப்பவர்களுக்கு இது முக்கியம். ஆல்கஹால் உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு பெருங்குடல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. 5% பீர் 330 மி.லி.யில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். தினமும் 10 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 7% கூடும். ஒயின் என்றாலும் கணக்கு அதேதான்.

'நெகட்டிவ்' வந்தால் அடுத்த ஆண்டும் செய்யுங்கள். 'பாசிட்டிவ்' என்றால் இன்னொரு கிட் வாங்கிச் சரிபார்க்காமல் நேரே கொலோனோஸ்கோபிதான் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை). ஏற்கெனவே மலத்தில் ரத்தம் தெரிகிறவர்களுக்கு இந்தக் கிட் வீண் செலவு.