எட்டு வெள்ளி தினசரி நாட்காட்டி: ஒன்பது மாதம் கிழித்த பிறகு

போன டிசம்பரில் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் எட்டு வெள்ளி (டாலர்) கொடுத்து வாங்கினேன். மேலே முருகன் படம் போட்ட அட்டை, கீழே 365 தாள் கட்டு. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒன்று தொங்கும். அவர் போன பிறகு அந்த ஆணி சும்மாதான் இருந்தது.

நான் வாங்கியது நல்ல நேரம் பார்க்க இல்லை, சர்க்கரைக்காக. பலதுறை மருந்தகத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.4 சதவீதம் என்று வந்தது. இங்கே 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முந்தைய கட்டம். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. இனிப்பைக் குறைக்கவும் உடம்பை அசைக்கவும் சொல்லி அனுப்பினார். முதலில் கைப்பேசியில் ஒரு செயலி போட்டேன். அது மணி அடிக்கும், நான் அணைப்பேன். பதினோராம் நாள் அதையே அழித்துவிட்டேன்.

நாட்காட்டிக்கு நான் வைத்த விதி இதுதான்: தேநீரில் சீனியைக் குறைப்பது, மாடி ஏறுவது என்று அன்றைக்கு எனக்கு நானே சொன்னதைச் செய்தால்தான் இரவு தாளைக் கிழிக்கலாம். செய்யாவிட்டால் தேதி அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த தம்பி, "என்னண்ணே, இங்க இன்னும் புதன்கிழமையா?" என்று கேட்டதும் காது சுட்டது. அந்த மாதிரி எந்தச் செயலியும் என்னைக் கேட்டதில்லை.

ஆனால் பிப்ரவரியில் இந்த விதியால் வீட்டில் சண்டை வந்தது. கிழிக்காத தாளை நம்பி வீட்டுக்காரம்மா சஷ்டி விரதத்தை ஒரு நாள் தள்ளி இருந்துவிட்டார். "ஒங்க தேத்தண்ணிக்கு என் முருகன்தான் கெடச்சாரா?" நியாயமான கேள்வி. அதிலிருந்து காலையில் எழுந்ததும் கிழித்துவிடுகிறேன். அன்று குடித்த தேநீரும் ஏறிய மாடியும் அந்தத் தாளின் பின்பக்கம் ஏறும். தாள் மைலோ டின்னுக்குள் போகும். பின்பக்கம் வெறுமையாக இருப்பது இந்த நாட்காட்டியின் பெரிய வசதி. சிலவற்றில் வீட்டு வைத்தியம் அச்சடித்து இடத்தை அடைத்துவிடுகிறார்கள்.

தேநீரை ஒரே நாளில் விடவில்லை. ஜனவரி முழுக்க 'தே சியூ தாய்', அதாவது இனிப்பு குறைத்த தேநீர். ஆனால் தே என்றாலே கெட்டிப்பால். சீனி பாலுக்குள்ளேயே இருக்கிறது, கடைக்காரர் நினைத்தாலும் முழுசாக எடுக்க முடியாது. அதனால் மார்ச்சில் சீனி சேராத டின் பால் ஊற்றும் தே சி, அதிலும் சீனி கம்மி. மே மாதம் 'தே சி கோசோங்', அதில் சீனியே இல்லை. முதல் வாரம் வாயில் துணியை வைத்த மாதிரி இருந்தது. இப்போது யாராவது தவறிப்போய் சாதாரணத் தேயைக் கொடுத்தால் பாயசம் குடிப்பதுபோல் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் சீனி அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் தர எழுத்து வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் 'டி'. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் குடித்தவன் நான். என் கையெழுத்தில் 'தே, 3' என்று எழுத நேர்ந்தபோதுதான் கூச்சம் வந்தது.

மாடிக்கும் அதே கணக்கு. வீடு ஒன்பதாவது மாடி. ஜனவரியில் லிஃப்ட்டில் எட்டு வரை போய் ஒரு மாடி ஏறினேன். இப்போது ஐந்தில் இறங்கிவிடுகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் புளோக்கில் லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும், மிச்சத்தை எல்லாரும் படியேறித்தான் போனோம். 2001இல் வந்த மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பழைய புளோக்குகளிலும் வாசலுக்கே வந்து நிற்கிறது. வயசானவர்களுக்குப் புண்ணியம், என் தொப்பைக்கு இல்லை.

குறைகள் உண்டு. ஜூலைக்குப் பிறகு தாள் கட்டைப் பிடிக்கும் பின் ஊசி அழுந்தி, இழுத்தால் தாள் பாதி கிழிந்து தேதி மட்டும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. இரண்டு தாள் சேர்ந்து வருவதும் உண்டு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருக்கிறது. அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊர்க் கணக்கு. இங்கே சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழாகும். வீட்டுக்காரம்மா ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்கிறார். இங்கே தேசிய தினமான ஆகஸ்ட் 9க்கு விடுமுறைச் சிவப்பு இல்லை, நான்தான் பேனாவால் வட்டம் போட்டேன்.

ஆகஸ்ட் பரிசோதனையில் 6.1. எட்டு வெள்ளித் தாள்தான் குறைத்தது என்று சொல்ல மாட்டேன்; தவிர தீபாவளி இன்னும் வரவில்லை. டிசம்பரில் திரும்ப வாங்குவேன், கடையிலேயே பிரித்து ஆகஸ்ட் 9 சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.