நிரலாக்கக் கட்டுரையை எங்கே பதிப்பிப்பது? டெவ்.டூ, ஹாஷ்நோட், மீடியம், ஃப்ரீகோட்கேம்ப், சொந்தத் தளம்: ஓர் ஒப்பீடு

2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்கள் பலவற்றில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்காது. அந்த நிரலை அப்படியே எடுத்து இன்றைய பைத்தானில் ஓட்டினால் எடுத்த எடுப்பிலேயே பிழை. புதிதாகக் கற்க வந்த மாணவிக்குக் கட்டுரை பழசு என்பது தெரியாது. தனக்குத்தான் நிரல் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். சேர்க்க வேண்டியது ஒரு ஜோடி அடைப்புக்குறி, அவ்வளவுதான். ஆனால் அதை யார் சேர்க்கலாம், எழுதியவர் அந்தப் பக்கமே வராமல் போய்விட்டால் என்ன ஆகும், தளமே மூடப்பட்டால் கட்டுரை எங்கே போகும் என்பதெல்லாம் நாம் முதலில் தேர்ந்தெடுத்த தளத்தைப் பொறுத்தது.

தளங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வாசகர் எண்ணிக்கையையும் வருமானத்தையும் வைத்துத்தான் பேசுகிறார்கள். நான் இங்கே வேறொரு கேள்வியை அளவுகோலாக வைக்கிறேன். சமர்ப்பித்த கட்டுரையை ஐந்து ஆண்டு கழித்தும் என்னால் திருத்த முடியுமா, வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா?

கோட்புராஜெக்ட் விட்டுச்சென்ற பாடம்

இன்றைய தளங்களுக்குப் போகுமுன் கோட்புராஜெக்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். நிரலாளர்கள் கட்டுரையும் நிரலும் பகிர்ந்துகொள்ள 1999-இல் தொடங்கிய தளம் அது. கிறிஸ் மாண்டரும் டேவிட் கன்னிங்ஹாமும் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++, எம்எஃப்சி நிரலாக்கக் கருவிகளின் காலத்தில் வளர்ந்து, அதே நிறுவனத்தின் டாட்நெட் வந்தபோது பெருத்தது. கட்டுரை எழுத அங்கே ஒரு வார்ப்புரு தருவார்கள்: அறிமுகம், பின்னணி, நிரலைப் பயன்படுத்தும் விதம், கவனிக்க வேண்டியவை, கடைசியாக வரலாறு. மூல நிரலை ஜிப் கோப்பாகக் கட்டுரையோடு சேர்த்து அனுப்புவது வழக்கம். படிப்பவர் பதிவிறக்கி, தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார். புதியவர்கள் அனுப்பும் கட்டுரைகளை, ஏற்கெனவே நற்பெயர்ப் புள்ளி சேர்த்த உறுப்பினர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். நிரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். தளத்தின் சொந்த உரிமமான சிபிஓஎல் இருந்தது, எம்ஐடி, ஜிபிஎல் போன்றவையும் இருந்தன.

அந்த வார்ப்புருவின் கடைசித் தலைப்புதான் என் கண்ணில் மிகப் பெரிய விஷயம். எந்தத் தேதியில் எதை மாற்றினேன் என்று எழுதியவரே கட்டுரையின் அடியில் குறித்துக்கொண்டே வர வேண்டும். கட்டுரை வெளியான பிறகும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு தொடர்கிறது என்பதை அந்த ஒரு தலைப்பு எழுதுபவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று புகழ்பெற்ற தளங்கள் எதிலும் வார்ப்புருவிலேயே அப்படி ஓர் இடம் ஒதுக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை. இழப்புதான் அது.

2024-இன் இறுதியில் அந்தத் தளத்தை நடத்திய நிறுவனம் தொழிலை மூடுவதாக அறிவித்தது. புதிய கட்டுரை போடவோ பழையதைத் திருத்தவோ வழியில்லாமல், படிக்க மட்டும் என்ற நிலைக்குத் தளம் போனது. கால் நூற்றாண்டு உழைப்பு அது. இத்தனை நேர்த்தியாக நடந்த தளத்துக்கே இந்த நிலை என்றால், எந்தத் தளத்தையும் நம்பி மூலப்பிரதியை அங்கே மட்டும் வைத்திருக்கக் கூடாது.

டெவ்.டூவும் ஹாஷ்நோடும்

இரண்டுமே நிரலாளர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. இரண்டிலும் மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் கொண்ட வெற்று உரையாக, எழுதலாம். நிரல் துண்டுகள் வண்ணத்தோடு ஒழுங்காகத் தெரியும். முன் ஒப்புதல் என்று எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கட்டுரை உடனே வெளியாகும். இதுவரை சமம்தான்.

டெவ்.டூவில் கட்டுரையின் தலையில் சில வரிகள் சேர்க்கலாம்: தலைப்பு, குறிச்சொற்கள், முகப்புப் படம், தொடரின் பெயர், வெளியிடலாமா வேண்டாமா என்ற குறிப்பு. குறிச்சொற்கள் நான்குக்கு மேல் போட முடியாது. முதலில் இது தொல்லையாகத் தெரியும். உண்மையில் நல்ல கட்டுப்பாடு. கட்டுரை யாருக்கு என்று எழுதுபவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். வெளியீட்டுக் குறிப்பை 'இல்லை' என்று வைத்தால் கட்டுரை வரைவாகவே இருக்கும். இதோடு ஏபிஐ வழியாகவும் கட்டுரைகளை ஏற்றலாம், திருத்தலாம். அதாவது உங்கள் கணினியில் உள்ள கோப்பைத் திருத்திவிட்டு, ஒரு சிறிய நிரல் மூலம் தளத்தில் உள்ளதையும் புதுப்பிக்கலாம். இருபது முப்பது கட்டுரை சேர்ந்த பிறகு இந்த வசதியின் அருமை தெரியும். கட்டுரைகளை மொத்தமாக ஏற்றுமதி செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அவர்கள் தளத்தின் மென்பொருளையே திறந்த மூலமாக வெளியிட்டார்கள். இன்று அதன் பெயர் ஃபோரெம். நிறுவனம் நாளை என்ன ஆனாலும் அந்த மென்பொருள் யார் கையிலும் இருக்கும்.

குறை என்ன? முகப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. புதிய கட்டுரைகள் வந்து விழ விழ, உங்களுடையது ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். முன் ஒப்புதல் இல்லாததால் அரைகுறையான கட்டுரைகளும் நிறைய. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் போடுபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல கட்டுரை அந்தக் கூட்டத்தில் நசுங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பெங்களூரில் வேர் கொண்ட ஹாஷ்நோட் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. சொந்த டொமைன் பெயரை அதில் இணைத்துக்கொள்ளலாம். இது சின்ன வசதியாகத் தோன்றலாம். என் அளவுகோலில் இதற்குத்தான் அதிக மதிப்பு. முகவரி உங்களுடையது என்பதால், நாளை தளம் மாறினாலும் பழைய இணைப்புகளை உடையாமல் காப்பாற்ற முடியும். எழுதுவதை எல்லாம், நிரல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹபில் உள்ள உங்கள் களஞ்சியத்தில் தானாகவே நகலெடுத்து வைக்கும் வசதியும், களஞ்சியத்திலிருந்தே பதிப்பிக்கும் வசதியும் உண்டு. ஆனால் தளத்தின் பின்னணி மென்பொருள் டெவ்.டூவுடையதைப் போலத் திறந்த மூலம் இல்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால், சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு ஹாஷ்நோட்; இல்லாதவருக்கு டெவ்.டூ என்பேன்.

மீடியம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவான் வில்லியம்ஸ் 2012-இல் தொடங்கிய மீடியம் படிக்க அழகானது, ஆனால் நிரலுக்காகக் கட்டப்பட்டதல்ல. மார்க்டவுன் கோப்பை நேரடியாக ஏற்ற முடியாது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்த கட்டுரையை மற்றவர்கள் முழுதாகப் படிக்க முடியாது. கல்லூரி மாணவருக்காக எழுதுபவர் பணச் சுவருக்குப் பின்னால் எழுதுவதில் என்ன பொருள்? ஏபிஐ வசதியையும் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலிருந்து எழுதுபவர்களும் 2023 முதல் அவர்களது வருமானத் திட்டத்தில் சேரலாம் என்பது உண்மை. பணம்தான் முதல் நோக்கம் என்றால் முயன்று பார்க்கலாம். நிரல் நிறைந்த பாடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இலவசமாக நிரலாக்கம் கற்பிக்கும், மீடியத்தில் பெரிய வெளியீடாக வளர்ந்த ஃப்ரீகோட்கேம்ப்பே 2019-இல் அங்கிருந்து வெளியேறியது. ஹேக்கர்நூன் என்ற தொழில்நுட்ப வெளியீடும் அதே ஆண்டு வெளியேறியது.

திருத்துநர் இருக்கும் இடம்

வெளியேறிய ஃப்ரீகோட்கேம்ப் கோஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டு தன் பதிப்பகத்தை அமைத்துக்கொண்டது. அங்கே எழுத முதலில் விண்ணப்பிக்க வேண்டும்; முன்பு எழுதியவற்றை மாதிரியாகக் காட்ட வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகும் ஒவ்வொரு கட்டுரையையும் திருத்துநர் ஒருவர் பார்க்கிறார். காத்திருக்க வேண்டும். மறுக்கவும் படலாம்.

இந்தக் காத்திருப்பு வீணல்ல. வேறொருவர் கண்ணில் பட்டால்தான் நாம் விட்டுப்போன படிகள் தெரியவரும். நிறுவும் கட்டளையை எழுத மறந்திருப்போம். விண்டோஸில் கோப்புப் பாதை வேறுமாதிரி இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்போம். நமக்கு எல்லாம் பழகிப்போனதால் கண்ணுக்குத் தெரியாது. எழுதத் தொடங்கும் எவரும் திருத்துநர் உள்ள ஓர் இடத்தில் கொஞ்சமாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லோரும் எல்லாவற்றையும் திருத்தலாம் என்ற எதிர்முனையையும் ஒரு பெரிய தளம் முயன்று பார்த்தது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில் ஆவணப் பகுதி ஒன்றைத் திறந்தது. எடுத்துக்காட்டுகளைக் கூட்டாக எழுதி, கூட்டாகத் திருத்தும் ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே மூடிவிட்டார்கள். பலர் கைபட்டதில் யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லாமல் போனது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் உள்ளடக்கம், மற்றவர்களும் எடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால் மூடிய பிறகும் அழியவில்லை. மற்றவர்கள் அதை எடுத்து இலவச மின்னூல்களாகத் தொகுத்தார்கள். தளம் போன பின்னும் உரிமம் எழுத்தைக் காப்பாற்றியது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. அங்கே தொடராக வந்த பாடங்கள் பின்னர் மின்னூல்களாகி யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கும்படி கிடைக்கின்றன. பெரிய ஆங்கிலத் தளத்தில் தமிழ்க் கட்டுரை போட்டால் அதைத் தேடி வருபவர் யார்? தமிழில் நிரலாக்கம் படிக்க விரும்புபவர் ஏற்கெனவே வந்து போகும் இடத்தில் இருப்பதே பயன்.

சொந்தத் தளம்

கிட்ஹப் பேஜஸ் 2008 முதல் இருக்கிறது. ஜெகில் அல்லது ஹூகோ என்ற கருவியைக் கொண்டு மார்க்டவுன் கோப்புகளைப் பக்கங்களாக மாற்றி, பொதுக் களஞ்சியத்திலிருந்து காசு கொடுக்காமல் பதிப்பிக்கலாம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். எழுத்துக்கு அது தாராளம். ஒவ்வொரு திருத்தமும் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் தேதியோடு பதிவாகும் என்பதால் கோட்புராஜெக்டின் 'வரலாறு' பகுதி இங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது. விட்டுப்போன அடைப்புக்குறியை வாசகரே திருத்தி, அதை ஏற்கும்படி புல் ரிக்வெஸ்ட் என்ற கோரிக்கை அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு எழுதியவர் கையில். கூட்டுத் திருத்தமும் தனிப் பொறுப்பும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து இதுதான்.

தொடக்கத்தில் ஆள் வராது. அதை மறைக்க வேண்டியதில்லை. தேடுபொறி உங்களைக் கண்டுகொள்ளவே மாதங்கள் ஆகலாம்.

இதற்குத்தான் கனானிகல் இணைப்பு. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் மூலம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009 பிப்ரவரியில் சேர்ந்து அறிவித்தன. டெவ்.டூவில் கட்டுரையின் தலைவரிகளில் இதற்கென ஒரு வரி உண்டு. ஹாஷ்நோடில் அமைப்புகளில் தரலாம். மீடியத்தில் கட்டுரையை இறக்குமதி செய்தால் தானாகவே சேர்ந்துவிடும். ஆகவே முதலில் சொந்தத் தளத்தில் போட்டுவிட்டு, சில நாள் கழித்து டெவ்.டூவில் கனானிகல் முகவரியோடு போடுங்கள். வாசகர் அங்கே கிடைப்பார், மூலம் உங்களிடம் இருக்கும். ஃப்ரீகோட்கேம்ப் போன்ற இடத்துக்கு அனுப்புவதாக இருந்தால், வேறெங்கும் வெளியானதை ஏற்பார்களா என்று அவர்களது விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் பலரும் கோட்டை விடுவது படங்களில். தளத்தின் எழுதுபெட்டியில் இழுத்துப் போட்ட திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்கள்) அந்தத் தளத்தின் வழங்கியில்தான் (சர்வரில்) உட்காரும். கட்டுரையை மார்க்டவுனாக எடுத்து வந்தாலும், உள்ளே இருக்கும் பட முகவரிகள் பழைய தளத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அது மூடிய அன்று எல்லாப் படமும் காலிக் கட்டமாகிவிடும். எனவே படங்களைக் கட்டுரை இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். வேறு தளங்களில் போடும்போதும் சொந்தத் தளத்தில் உள்ள படத்தின் முகவரியையே கொடுங்கள். கூடவே கட்டுரையின் முதல் பத்தியிலேயே எந்த மொழியின் எந்தப் பதிப்பில், எந்த மாதம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் திருத்த மறந்தாலும் படிப்பவர் தன்மேல் பழிபோட்டுக்கொள்ள மாட்டார்.