இலவச கிட்னி முகாமுக்கு அப்பா அம்மாவை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஏரியா கல்யாண மண்டபத்தில் போன மாதம் 'இலவச கிட்னி பரிசோதனை முகாம்' போட்டார்கள். அதே கும்பல் இப்போது பக்கத்து ஊரில் பேனர் கட்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயசு 74. காலையில் ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலமே ரிப்போர்ட். கிரியேட்டினின் (தசையிலிருந்து ரத்தத்தில் சேரும், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.0, இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 59. அந்த 59-ஐச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட வெள்ளைக்கோட்டு ஆசாமி, "ஸ்டேஜ் த்ரீம்மா. இப்படியே விட்டா டயாலிசிஸ்தான்" என்றாராம். கையோடு 'கிட்னியைக் கழுவும்' பொடி, மூன்று மாத கோர்ஸ், 8,400 ரூபாய். போதாக்குறைக்கு, "பி.பி. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது, நிறுத்திடுங்க" என்று உபதேசம் வேறு. அம்மா எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். தலைசுற்றுகிறதே என்று பார்த்தால் பி.பி. 180/100.

அலறியடித்து சிறுநீரக டாக்டரிடம் ஓடினோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "முட்டி வலிக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?" மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை விவரம் அப்போதுதான் வெளியே வந்தது. கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கக்கூடிய மாத்திரை அது. முகாமில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை.

அந்த 59-ஐ எந்த மெஷினும் நேரடியாக அளந்து சொல்வதில்லை. கிரியேட்டினின், வயசு, ஆணா பெண்ணா என்று வைத்துப் போடும் கணக்கு. அதே 1.0 ஒரு 30 வயசுப் பெண்ணுக்கு இருந்தால் 78 வரும். வயசு ஏற ஏற வடிகட்டும் வேகம் கொஞ்சம் இறங்குவது சகஜம். 60-க்குக் கீழே போனாலும், மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கான ஏ.சி.ஆர். என்ற சிறுநீர் டெஸ்டில் 30-க்குள் இருந்தால் நல்லது; அம்மாவுக்கு 12. அதற்காக அலட்சியமும் கூடாது. மெலிந்த பெரியவர்களுக்குத் தசை குறைவு, அதனால் கிட்னி தளர்ந்திருந்தாலும் கிரியேட்டினின் நார்மல் போலவே காட்டும்.

வலி மாத்திரையை நிறுத்தி, பி.பி. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

பொடி டப்பாவில் ஒரு போன் நம்பர் மட்டும்தான். லைசென்ஸ் எண், பேட்ச் எண், என்னென்ன சேர்த்தார்கள், எதுவும் இல்லை. சித்த மருந்தோ ஆயுர்வேதமோ, ஒழுங்கான தயாரிப்பு என்றால் இதெல்லாம் அச்சாகியிருக்கும். பணத்தைக் கேட்டால் போனைக் கட் பண்ணுகிறார்கள். பில் என்று கொடுத்தது கையால் கிறுக்கிய துண்டுச் சீட்டு. அதையும் டப்பாவையும் வைத்துப் புகார் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் அதே பொடி இருந்தால் சாப்பிட வேண்டாம், தூக்கியும் போட்டுவிடாதீர்கள்; எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.