சிப், எச்.323, வெப்ஆர்டிசி: அழைப்பை இணைப்பதில் எது கெட்டி?

இணையத்தில் ஒரு அழைப்பு போட்டால் உள்ளே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. குரலையும் படத்தையும் பாக்கெட்டுகளாகக் கொண்டுபோவது ஒன்று; அதை ஆர்டிபி (RTP) என்ற நெறிமுறை பார்த்துக்கொள்கிறது. எதிராளி எந்த முகவரியில் இருக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்துவிட்டாரா, எந்த கோடெக்கில் (குரலையும் படத்தையும் சுருக்கி விரிக்கும் முறை) பேசுவது என்றெல்லாம் பேசி முடிப்பது இன்னொன்று. அதுதான் சிக்னலிங். சிப் (SIP), எச்.323 என்ற நெறிமுறைகளுக்கும், பிரவுசரிலேயே பேச உதவும் வெப்ஆர்டிசிக்கும் (WebRTC) இடையே போட்டி என்று சொல்வது இந்த இரண்டாவது வேலைக்குத்தான். ஆகவே "எச்.323-ஐ விட சிப்பில் குரல் தெளிவு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டிலும் ஓடுவது அதே ஆர்டிபிதான். தெளிவு கோடெக்கையும் லைனையும் பொறுத்தது.

வயதில் மூத்தது எச்.323. 1996-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு கொண்டுவந்தது. டெலிபோன்காரர்கள் செய்தது என்பது பார்த்தாலே தெரியும்: அழைப்பைத் தொடங்கும் செய்திகள் ஐஎஸ்டிஎன் என்ற பழைய டிஜிட்டல் டெலிபோன் காலத்து க்யூ.931 சிக்னலிங்கை ஒட்டியவை. எல்லாமே பைனரி, மனிதர் நேராகப் படிக்க முடியாதது. 1720 போர்ட்டில் ஒரு டிசிபி இணைப்பு, கோடெக் பேரத்துக்கு எச்.245 என்று இன்னொன்று. முதல் பதிப்பில் இத்தனையும் முடிந்த பிறகுதான் பேச்சு கேட்கும். அப்புறம் வந்த பதிப்பு இதைச் சுருக்கியது, ஆனாலும் 'கனமான சரக்கு' என்ற பெயர் போகவில்லை. பலர் சேரும் வீடியோ கூட்டங்களுக்கு வேண்டியதை ஆரம்பத்திலேயே யோசித்து வைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிப் 1999-ல், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் வழியாக வந்தது. இன்று புழங்கும் வடிவம் 2002-ல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற தர ஆவணம். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி மாதிரியே வெறும் எழுத்து. 'இன்வைட்' போகும்; '100 டிரையிங்', '180 ரிங்கிங்' வரும்; எடுத்ததும் '200 ஓகே'; பதிலுக்கு 'ஆக்'. பேசி முடித்தால் 'பை'. நெட்வொர்க்கில் போனதைப் பதிவுசெய்த பாக்கெட் கேப்சரைத் திறந்தால் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். சிப் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். மீதிப் பாதி, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி இதை மொபைல் நெட்வொர்க்குக்குத் தேர்ந்தெடுத்தது. 4ஜி வழியே போகும் வோல்ட்இ அழைப்புகள் இன்று சிப்பில்தான் போகின்றன.

சிப்பின் தலைவலி நாட் (NAT), அதாவது உள்முகவரிகளை ரவுட்டர் ஒரு வெளிமுகவரியாக மாற்றுவது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், 'என் குரல் முகவரி இது' என்று இன்வைட்டோடு போகும் எஸ்டிபி என்ற அழைப்பு விவரக் குறிப்பில் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை எழுதிவிடும். எதிர்முனை அங்கே பாக்கெட்டுகளை அனுப்பினால் எப்படி வந்து சேரும்? மணி அடிக்கும், எடுக்கலாம், ஒருபக்கம் மட்டும் கேட்கும். உதவிக்கென்று ரவுட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி (சிப் செய்திகளில் உள்ள முகவரிகளைத் திருத்தும் வசதி) பல சமயம் காரியத்தை இன்னும் கெடுக்கும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். இன்னொரு அடையாளம்: அழைப்பு சொல்லிவைத்தாற்போல் 32-வது விநாடியில் அறுந்தால், பெரும்பாலும் 'ஆக்' போய்ச் சேரவில்லை. ஓகே சொன்ன பக்கம் அரை விநாடியின் 64 மடங்கு காத்திருந்துவிட்டு அழைப்பை முடித்துக்கொள்கிறது.

வெப்ஆர்டிசியின் போக்கே வேறு. குரல், படம் போகும் வழியை இறுக்கமாக வரையறுத்தது: நாட் தடையைத் தாண்ட ஐஸ், ஸ்டன், டர்ன் (ஸ்டன் வெளிமுகவரியைக் காட்டும், டர்ன் நடுவில் நின்று கடத்தும், ஐஸ் போகக்கூடிய வழியைத் தேர்ந்தெடுக்கும்); என்கிரிப்ஷன் கட்டாயம். சிக்னலிங்கை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டது. பிரவுசர் எஸ்டிபியைத் தயாரித்துக் கையில் கொடுக்கும். அதை எதிர்முனைக்குக் கொண்டுசேர்ப்பது உங்கள் பாடு. அதனால் "சிப்பா, வெப்ஆர்டிசியா" என்ற கேள்வியே அரைகுறை. இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. ஆளுக்கொரு சிக்னலிங் எழுதியதால் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட முடிவதில்லை. எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையின் நீட்சியான ஜிங்கிள் பொதுவழியாகத்தான் வந்தது, பெரிதாகப் பரவவில்லை.

சரி, எதை எடுப்பது? போன் நம்பருக்குப் பேச வேண்டுமென்றால் சிப், யோசனையே வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே முடிகிற விஷயம் என்றால் வெப்ஆர்டிசி, பிரவுசரும் சர்வரும் இடைவிடாமல் பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட்டில் சொந்தமாக ஒரு சின்ன சிக்னலிங். ஆனால் டர்ன் சர்வருக்குப் பணம் ஒதுக்குங்கள், நேர்வழி கிடைக்காத அழைப்புகளின் மொத்த வீடியோவும் அதன் வழியாகத்தான் போகும். இரண்டும் வேண்டுமென்றால் வெப்சாக்கெட் மேல் சிப் ஓட்டலாம், ஆர்எஃப்சி 7118 அதற்கானது. போன் பக்கம் என்கிரிப்ஷன் இல்லாவிட்டால் நடுவில் இரண்டு பக்கத்தையும் மாற்றிக் கொடுக்கும் ஒரு கேட்வே தேவைப்படும். எச்.323-ஐப் புதிதாகத் தொடங்கக் காரணமே இல்லை. கூட்ட அறையில் பழைய வீடியோ கருவி இன்னும் ஓடுகிறதென்றால், அதைத் தூக்கிப்போடாமல் ஒரு கேட்வே வைத்து சிப்போடு இணைத்துவிடலாம்.