சேலம் சூனிய விசாரணை நடைச்சுற்றுலா: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் (நம் மாம்பழச் சேலம் அன்று) 1692ஆம் ஆண்டின் சூனிய விசாரணைகளை விளக்கும் நடைச்சுற்றுலாக்களைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றுள் இரண்டுக்குச் சென்றேன். இரவு நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாந்தர் வெளிச்சத்தில் பேய்க்கதை கேட்க விரும்புவோருக்கு அது போதும்.

பகல் நடையோ கட்டணத்துக்கு முழுமையாகத் தகும். சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை என்பதை வழிகாட்டி முதலிலேயே தெளிவுபடுத்தினார். ஆங்கிலச் சட்டப்படி 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஐவர் ஆண்கள். நீதிமன்ற விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி, உடல்மீது கற்கள் ஏற்றப்பட்டு நசுங்கி இறந்தார். குற்றம் சாட்டியவரின் கண்ணுக்கு மட்டுமே தென்பட்ட ஆவியுருவை நீதிபதிகள் சாட்சியமாக ஏற்றதையும், சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் உயிர்தப்ப, பொய் சொல்ல மறுத்தவர்கள் தூக்குமேடை ஏறியதையும் அவர் நிதானமாக விளக்கினார். துடைப்பமும் கூர்நுனித் தொப்பியும் கொண்ட கிழவியையே சூனியக்காரியாக நினைத்துப் பழகிய எனக்கு, அண்டை வீட்டாரின் புகாரால் மாண்ட குடியானவர்களின் கதையாக அது விரிந்தது.

1992இல் அமைக்கப்பட்ட நினைவிடத்தில் நடை சற்று நின்றது. இறந்தவர்களின் பெயரும் நாளும் பொறித்த கல் இருக்கைகள் சுவரிலிருந்து நீண்டிருக்கின்றன. நுழைவாயில் தரையில் செதுக்கிய 'நான் நிரபராதி' என்னும் பொருள்படும் வாசகங்கள், பாதியிலேயே சுவருக்கடியில் மறைந்துவிடுகின்றன. அடுத்துள்ள பழைய இடுகாட்டில்தான் விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதோர்ன் புதைக்கப்பட்டிருக்கிறார். நினைவிடத்து இருக்கையொன்றில் கூர்நுனித் தொப்பி அணிந்த இருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர்.

காவல்துறை வாகனங்களில்கூடத் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியின் சின்னம் உண்டு. ஒரு காலத்தில் நாணிய பெயரையே ஊர் எப்போது விற்பனைச் சரக்காக்கியது என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்து நழுவிவிட்டார். அது ஒரு குறை. தூக்கிலிட்ட இடமென 2016இல் உறுதிசெய்யப்பட்ட பிராக்டர்ஸ் லெட்ஜ் இந்தப் பாதையில் இல்லாதது பெரிய குறை.

அக்டோபர் நெரிசலைத் தவிர்த்துச் செல்லுங்கள். நடை முடிந்ததும் அந்த இடத்துக்கும் தனியாகப் போய்வாருங்கள். மருந்துக்கடை ஒன்றின் பின்புறம், குடியிருப்புகளுக்கு நடுவே, 2017இல் திறந்த ஒரு சிறு நினைவிடம், அரைவட்டக் கற்சுவராக, அங்கே இருக்கிறது. நான் போனபோது வேறு எவரும் அங்கு இல்லை.